அடையாறும் தாடை எலும்பும்

சென்னையின் அடையாற்றுக்கு வெளியூரிலிருந்து வருவோரில் இருவகையினர் உண்டு. பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தைக் காண வருவோர் ஒரு வகை. 1989ஆம் ஆண்டுப் புயலில் அதன் மூலமரம் சாய்ந்துவிட்டது. விழுதுகள்தாம் இன்று தோப்பாக நிற்கின்றன. புற்றுநோய் மருத்துவமனைக்கு நோயாளியைக் கைத்தாங்கலாக அழைத்து வருவோர் மற்றொரு வகை. 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 12 படுக்கைகளுடன் தொடங்கிய மருத்துவமனை அது.

தோட்டத்துக்கும் மருத்துவமனைக்கும் என்ன தொடர்பு என்பீர்கள். 1907 முதல் 1933இல் மறையும் வரை அச்சபையின் தலைவியாக அடையாற்றில் வாழ்ந்த அன்னி பெசண்ட் அம்மையார், இந்தியாவுக்கு வருமுன் 1888இல், கிழக்கு லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் அவலத்தை எழுதி ஊரறியச் செய்தவர். அதையொட்டி ஏறத்தாழ 1,400 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கூலிக்குறைவும் அபராதமும் போதாதென்று, தீக்குச்சி மருந்திலிருந்த வெண்பாஸ்பரஸின் ஆவி வேறு அத்தொழிலாளரை வதைத்தது. முதலில் பல்வலி, பின் ஈறு வீங்கிச் சீழ் வடியும், இறுதியில் தாடையெலும்பே செத்து வெளியே தெரியும். பின்னாளில் அந்நாட்டில் வெண்பாஸ்பரஸ் தீக்குச்சி தடை செய்யப்பட்டது. நோயும் மறைந்தது என்றே மருத்துவ உலகம் எண்ணியிருந்தது.

2003இல் அமெரிக்கத் தாடை அறுவை மருத்துவர்கள் அதே போன்ற செத்த எலும்பைக் கண்டனர். இம்முறை அதற்கு ஆளானோர் புற்றுநோயாளிகள். புற்று எலும்புக்குப் பரவியவர்களுக்கு எலும்பு முறியாதிருக்கப் போடப்படும் ஊசிகள்தாம் காரணம். அவற்றுள் சோலெட்ரானிக் அமிலம் பாஸ்பரஸ் வழிவந்த மருந்து. பாஸ்பரஸே இல்லாத டெனோசுமாப் ஊசியும் அதே தீங்கைச் செய்கிறது. எலும்பை அரிக்கும் உயிரணுக்களை இவை அடக்குகின்றன. அதனால் எலும்பு காக்கப்படுகிறது. ஆனால் அரித்துப் புதுப்பிக்கும் வேலையும் நின்றுவிடுவதால், ஓயாது மென்று தேயும் தாடை தன் காயத்தை ஆற்றிக்கொள்ள முடியாமல் திணறுகிறது.

இதைப் படித்துவிட்டு ஊசியே வேண்டாம் என்று எழுந்துவிடாதீர்கள். தாடை நோய் வருவது நூற்றுக்கு ஓரிருவருக்கு. ஊசி நீள நீள அது கூடும். புற்று பரவிய முதுகெலும்பு நொறுங்கிக் கால்கள் செயலிழப்பதோ இதனினும் பெருங்கேடு. என் தராசில் ஊசியின் தட்டே தாழ்கிறது. ஆயினும் கேள்வி கேட்காமல் கையை நீட்டுவதும் தகாது. சோலெட்ரானிக் அமிலத்தை நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவதே வழக்கமாயிருந்தது. பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றினாலும் எலும்புக்கு அதே காப்புக் கிடைக்கிறது என 2017இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. உங்கள் நோயாளிக்கு அது பொருந்துமா என மருத்துவரிடம் கேளுங்கள்.

முதல் ஊசிக்குப் பின் இரண்டொரு நாள் காய்ச்சலும் உடல்வலியும் வரலாம். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியவை சிறுநீரகமும் இரத்தத்துக் கால்சியமும். சோலெட்ரானிக் அமிலம் சிறுநீரகத்தைச் சோதிக்கும். டெனோசுமாப் கால்சியத்தைச் சட்டென்று இறக்கிவிடும். விரல் மரத்துப்போதல், தசை இழுத்தல் கண்டால் காத்திருக்காதீர்கள். நீர் வற்றிய உடலில் சோலெட்ரானிக் அமிலம் ஏற்றுவது ஆபத்து. ஆதலால் ரமளானில் ஊசி நாள் வந்தால் நோன்பைப் பற்றி முன்னதாகவே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பல்லைத்தான் நம் குடும்பங்கள் மறந்துவிடுகின்றன. சொத்தைப் பல், ஆடும் பல் இருந்தால் முதல் ஊசிக்கு முன்பே எடுத்துப் புண் ஆறவிட வேண்டும். ஊசி தொடங்கிய பின், சொந்த ஊரில் நள்ளிரவுப் பல்வலி தாளாமல் பல் மருத்துவரிடம் ஓட நேரிடலாம். அவர் கேட்காவிட்டாலும், அவர் குறட்டைக் கையிலெடுக்குமுன், போட்டுக்கொள்ளும் ஊசியின் பெயரை நீங்களே சொல்லிவிடுங்கள்.