குடும்பப் பெயர் என்னும் கட்டம்

2004 டிசம்பர் 26இல் கடல் தம்பிலுவிலுக்குள் புகுந்தபோது நான் பள்ளி மாணவன். அகதி முகாமில் ஒவ்வொரு தொண்டு நிறுவனமும் தனித்தனிக் கொப்பியில் எங்கள் பெயர்களை எழுதிச் சென்றது. சிலருக்குப் பாய் இருமுறை கிடைத்தது, சிலருக்கு ஒருமுறையும் இல்லை. அந்நாட்களிலேயே இலங்கைக் கணினி வல்லுநர்கள் கூடி ‘சஹானா’ என்னும் நிவாரணத் தரவுத்தள மென்பொருளை ஆக்கினர். விலையில்லை; எவரும் திருத்தலாம். ஆனால் அதை நிறுவித் தரக் கற்றவர் ஊரில் வேண்டாமா?

சென்ற ஆண்டு, மாதர் சங்கங்களுக்கு இத்தகைய மென்பொருளை அமைத்துக் கொடுக்க என் பழைய மாணவியர் இருவரைப் பயிற்றினேன். ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தில் ஒருத்தியின் விரல் நின்றது.

“சேர், நமக்குக் குடி தாய்வழி, முதலெழுத்தோ தகப்பன்வழி. இதில் எதைப் போட?”

இலக்கணம் படித்த எனக்கு விடை தெரியவில்லை. ஒரு வீட்டார் பிரியாதிருக்க, அவளே அக்கட்டத்தை நீக்கி வீட்டு இலக்கத்தை வைத்தாள். மறுவாரம் அடுத்த ஊர்ச் சங்கத்துக்கு இருவரும் தாமே போயினர்.