கரையேறும் விருந்தினர்

செங்கல்பட்டு மாவட்டத்து மாமல்லபுரச் சிற்பங்களை யுனெஸ்கோ 1984ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றைக் காணப் பன்னாட்டுப் பயணிகள் வருகின்றனர். பல்லவர் உளியெடுப்பதற்கு முன்பிருந்தே அக்கடற்கரைக்கு வந்துசெல்லும் பயணி ஒன்றும் உண்டு. மீனவர்கள் பங்குனி ஆமை என்றழைக்கும் ஆலிவ் ரிட்லி கடலாமையே அது.

தை முதல் பங்குனி வரையிலான இரவுகளில் பெண் ஆமை கரையேறி, மணலில் குழி தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. சுமார் 50 நாள்களில் வெளிவரும் குஞ்சுகளுக்கு வழிகாட்டத் தாய் அருகில் இல்லை. இருண்ட நிலத்தைவிட, விண்ணொளி படரும் கடற்பரப்பே இரவில் வெளிச்சமானது. எனவே ஒளி மிகுந்த திசையையே கடலென நம்பி அவை ஊர்கின்றன.

கரையோர விடுதிகளின் விளக்குகள் அந்நம்பிக்கையைப் பொய்யாக்குகின்றன. திசைமாறிய குஞ்சுகள் நாய்க்கும் காக்கைக்கும் இரையாகின்றன. எஞ்சியவை வெயிலில் வாடி மடிகின்றன. பயணியின் வசதிக்காக ஏற்றிய விளக்கே அவற்றுக்குக் கூற்றாகிறது.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாடு அரசு 2019 சனவரி 1 முதல் தடை விதித்தது. நெகிழிப் பையை மறுக்கும் பயணி, கடலை நோக்கிய சன்னலின் திரையை மூடவும், வேண்டாத விளக்கை அணைக்குமாறு விடுதியாரிடம் கேட்கவும் பழகவேண்டும். இதற்குப் பொருட்செலவு இல்லை. அவ்விருளில்தான் ஆமைக்குஞ்சு தன் கடலைக் கண்டடையும்.