‘நீயும் அதைத்தானே ஆடுற?’

முப்பதைத் தாண்டிய ஒருத்தன் தாம்பரத்தில் ‘நான் கேம் ஆடுவேன்’ என்று சொன்னால், எதிரில் இருப்பவர் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். “ரம்மியா தம்பி?” இல்லை என்று சொன்னால் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். கூடவே ஒரு சந்தேகமும் இருக்கும். செய்திகளிலும் அப்படித்தான். பணம் கட்டி ஆடும் சீட்டாட்டத்துக்கும், சின்னப் பசங்க ஆடும் துப்பாக்கிச் சண்டைக்கும், ராத்திரி நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆடும் கதை கேமுக்கும் ‘ஆன்லைன் விளையாட்டு’ என்று ஒரே பெயர்.

என்னை மாதிரி ஆட்களுக்கு இது ரொம்ப நாளாகக் கடுப்பான விஷயம். இரண்டும் வேற வேற என்று சண்டை போடாத கேமர் கிடையாது. ஆனா இந்தக் குழப்பத்துக்கு ஜனங்களோட அறியாமை மட்டும்தான் காரணம் என்று இப்போது நான் நினைக்கவில்லை. கேம் கம்பெனிகள் இருபது வருஷமாக ரம்மிக்காரன் பக்கமாகவே நகர்ந்து வந்திருக்கின்றன.

2004, 2005 வாக்கில் மேற்கு தாம்பரத்தில் பிரவுசிங் சென்டர் இல்லாத தெருவே இல்லை என்கிற மாதிரி இருக்கும். எட்டு பத்து கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன், மணிக்கு 15 ரூபாய். பாதிப் பேர் ரிசல்ட் பார்க்கவும் ரெஸ்யூமே அடிக்கவும் வருவார்கள். மீதி நாங்கள். கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 1.6, வைஸ் சிட்டி, இரண்டு பேர் சேர்ந்தால் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ். கடைக்கார அண்ணன் நோட்டில் நேரம் எழுதி வைத்திருப்பார். சரியாக ஒரு மணி நேரத்தில் “தம்பி, டைம் ஆச்சு” என்று குரல் வரும். காசு இருந்தால் தொடரலாம், இல்லாவிட்டால் எழுந்திருக்கணும். அவர் விற்றது நேரத்தை. அதன் விலை சுவரில் ஒட்டியிருந்தது. நான் ஜெயித்தாலும் தோற்றாலும் அவருக்கு ஒன்றுதான்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. 2018இல் பப்ஜி மொபைல் வந்தது. பீச்–தாம்பரம் எலெக்ட்ரிக் ட்ரெய்ன் அதுக்கப்புறம் வேற மாதிரி ஆகிவிட்டது. பல்லாவரம் தாண்டுவதற்குள் நாலு பேர் ஒரு ஸ்குவாட் சேர்ந்துவிடுவார்கள். கேம் இலவசம், கடிகாரம் இல்லை, எழுப்பிவிட அண்ணனும் இல்லை. எனக்கும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டர் வாங்க வசதியில்லாத வீட்டுப் பையனுக்கும் ஒரு கேம் கிடைத்தது என்பது சின்ன விஷயமில்லை. இன்றைக்கும் பெரிய கேம் ஒன்று புதுசாக வந்தால் நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய். அந்த விலைக்கு மாச மளிகையே வாங்கிவிடலாம் என்று எந்த அம்மாவும் சொல்வார். இலவசம் இங்கே ஜெயித்ததற்கு இதுவே போதுமான காரணம்.

ஆனா இலவச கேம் எப்படிச் சம்பாதிக்கிறது? முதலில் ரூபாயை வைரமாகவோ நாணயமாகவோ மாற்றச் சொல்லும். மாற்றிய பிறகு எது எவ்வளவு என்ற கணக்கு மனசில் நிற்காது. அடுத்து, வேண்டிய சட்டையை நேராக விற்காது. ஒரு பெட்டியை விற்கும். பெட்டிக்குள் அந்தச் சட்டை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பக்கத்தில் ஒரு கடிகாரம் ஓடும், ‘இன்னும் 2 நாள் மட்டும்’. எப்போது பரிசு விழும் என்று தெரியாதபோதுதான் மனுஷன் திரும்பத் திரும்ப பொத்தானை அழுத்துவான். காசு போட்டுச் சுற்றும் ஸ்லாட் மெஷின் நிற்பதே இந்த ஒரு குணத்தை நம்பித்தான்.

இலவச கேம் மட்டும் இப்படி என்றில்லை. 2017இல் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2 வந்தபோது, முழு விலை கொடுத்து வாங்கியவர்களிடமே பெட்டி விற்கப் பார்த்தார்கள். உலகம் முழுக்கச் சண்டை. அடுத்த வருஷமே பெல்ஜியம் இப்படிக் காசுக்கு விற்கும் பெட்டிகளைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. நம்ம ஊரில் 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தபோது தடையான 118 செயலிகளில் ஒன்றாகத்தான் செய்தார்கள். சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு. அடுத்த வருஷம் அது வேறு பெயரில் திரும்பி வந்தது. பெட்டியும் கூடவே வந்தது.

குரோம்பேட்டையில் இருக்கும் என் பெரியம்மா பையன் ஒரு ரம்மி செயலியில் விட்டது, அண்ணியோட நகையை அடகு வைத்த பணம். யாருக்கும் தெரியாமல் எட்டு மாசம் ஓட்டியிருக்கிறான். விஷயம் வெளியே வந்த வாரம் பெரியம்மா என்னைப் பார்த்து, “நீயும் அதைத்தானே ஆடுற?” என்றார். நான் பொறுமையாக விளக்கினேன். நான் ஆடுவது ஒரு தடவை காசு கொடுத்து வாங்குவது, கதை முடிந்தால் முடிந்தது, புஸ்தகம் மாதிரி. பெரியம்மா தலையாட்டினார். அப்போது அண்ணன் பையன், ஏழாவது படிக்கிறவன், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துப்பாக்கிச் சண்டை கேமில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். திரையில் ஒரு சக்கரம் சுற்றியது. பெரியம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அவனோடதும் இப்படித்தான்டா சுத்தும்” என்றார்.

நான் அதுக்கு மேல விளக்கவில்லை.

சட்டம் இந்த விஷயத்தில் தூங்கிக்கொண்டிருந்தது என்று சொல்ல முடியாது. 2022இல் நீதிபதி சந்துரு குழு, அதன் பிறகு அவசரச் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதா, 2023 மார்ச்சில் பேரவையில் மறுபடி நிறைவேற்றம் என்று தமிழ்நாடு இதில் நிறைய மல்லுக்கட்டியிருக்கிறது. 2025 பிப்ரவரியில் வந்த விதிகள்படி, பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு ராத்திரி 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை அனுமதி இல்லை. ஜூன் மாசம் சென்னை உயர் நீதிமன்றமும் அதைச் சரி என்றது. பிரவுசிங் சென்டர் அண்ணன் சொன்ன “டைம் ஆச்சு”வை அரசாங்கமே சொல்ல வேண்டிய நிலை. அதே ஆகஸ்டில் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டுப் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே மொத்தமாகத் தடை செய்தது. இ-ஸ்போர்ட்ஸுக்குத் தனி அங்கீகாரமும் கொடுத்தது.

எனக்கு இரண்டிலும் சம்மதம்தான். ஆனா இந்தச் சட்டங்கள் குறி வைப்பது காசு கட்டி, காசு வரும் என்று எதிர்பார்க்கும் ஆட்டங்களை. அண்ணன் பையனோட சக்கரத்தில் காசு உள்ளே போகும், வெளியே வருவது ஒரு கலர் சட்டைப் படம். ரம்மியில் ஆயிரத்தில் ஒருத்தனாவது காசோடு எழுந்து போவான். இங்கே அதுவும் கிடையாது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு கேமே வேண்டாம் என்று முடித்தால் அது பொய். 2023இல் வந்த வெண்பாவை ஆடி முடிக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. கனடாவுக்குப் போன ஒரு தமிழ் அம்மா, பாதி அழிந்துபோன சமையல் குறிப்பை வைத்து இட்லி ஊற்றுகிறாள், மகன் கொஞ்சம் கொஞ்சமாக இங்கிலீஷுக்கு மாறிப் போகிறான். டொரன்டோவில் ஒரு சின்ன குழு செய்தது. 2024இல் பாஃப்டா விருது வாங்கியது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இல் 2022இலிருந்து ராஜேந்திர சோழனுக்கே ஒரு படையெடுப்பு இருக்கிறது, ஆட்கள் தமிழில் பதில் சொல்கிறார்கள். பிரவுசிங் சென்டரில் அதே கேமை ஆடிய யாருக்கும் அது என்ன மாதிரி இருக்கும் என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

இப்போது சொந்தக்காரர்கள் “பையன் இந்த கேம் ஆடலாமா?” என்று கேட்டால் மூணு கேள்வியைத் திருப்பிக் கேட்கிறேன். விலை ரூபாயில் எழுதியிருக்கா? காசு கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று முன்னாடியே தெரியுமா? ஒரு நாள் ஆடாமல் விட்டால் ஏதாவது பறிபோகுமா? துப்பாக்கி இருக்கா, ரத்தம் இருக்கா என்பதெல்லாம் அப்புறம்தான். அண்ணன் பையனோட கேம் மூணிலும் ஃபெயில். பெரியம்மா அந்த போனிலிருந்து பேமென்ட் ஆப்பை எடுக்கச் சொன்னார், எடுத்துக் கொடுத்தேன். கேமை எடுக்கவில்லை. அவனோட ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் அதில்தான் இருக்கிறார்கள்.