ஆளுக்கு இரண்டு

2019 டிசம்பர் 9 அன்று மக்களவையில் விவாதத்துக்கு வந்த மசோதாக்களுள் ஒன்று குடியுரிமைத் திருத்த மசோதா. அதைப் பற்றி நாம் எழுதியும் பேசியும் இருக்கிறோம். வீதியில் நின்றும் இருக்கிறோம். அதே நாளில் அதே அவையில் நிறைவேறிய ஆயுதச் சட்டத் திருத்த மசோதாவைப் பல்கலைக்கழக வளாகங்களில் ஏறக்குறைய எவரும் கவனிக்கவில்லை. நான் அதைக் கவனித்ததற்குக் காரணம் என் ஆய்வுக்களம். தனியார் பாதுகாவலர்களின் தொழிற் புலம்பெயர்வு பற்றிய முனைவர் பட்ட ஆய்வுக்காக அந்தக் குளிர்காலத்தில் மத்தியப் பிரதேசத்தின் பிண்ட் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கியிருந்தேன். கடுகு பூத்து நிலமெல்லாம் மஞ்சளாயிருந்த அந்த வாரத்தில், தில்லியை உலுக்கிய செய்தி அங்கே இரண்டாம் பட்சமாயிற்று. தேநீர்க்கடையிலும் திண்ணையிலும் ஒரே பேச்சுதான்: மூன்றாவது துப்பாக்கியை என்ன செய்வது?

சட்டம் அறியாத நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 1983இல் செய்யப்பட்ட திருத்தம், ஒருவர் அதிகபட்சம் மூன்று துப்பாக்கிகள் வைத்திருக்கலாம் என்று வரம்பு கட்டியது. 2019இன் மசோதா அதை ஒன்றாகக் குறைக்க முன்மொழிந்தது. எதிர்ப்புக் கிளம்பியபின் இரண்டு என முடிவாயிற்று. மிகுதியாக இருப்பதை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். உரிமத்தின் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீட்டிக்கப்பட்டது. கொண்டாட்டங்களில் பிறர் உயிருக்கு ஆபத்து விளையும்படி சுடுவது தனிக் குற்றமாக வரையறுக்கப்பட்டது: ஈராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சம்பல் வட்டாரத்தில் துப்பாக்கிக்குள்ள இடத்தை வெளியிலிருந்து வருபவர்கள் கொள்ளையர் கதைகளின் வழியாகவே அறிகிறார்கள். 1972இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்னிலையில் ஜோராவில் நிகழ்ந்த சரணடைவு, 1983இல் பிண்டில் பூலன் தேவியின் சரணடைவு ஆகியவற்றோடு அந்தக் கதை முடிந்துவிடுகிறது. உண்மையில் அங்கே நீடித்து நிற்பது கொள்ளையனின் துப்பாக்கியன்று; உரிமம் பெற்ற குடும்பஸ்தனின் துப்பாக்கி. அந்த உரிமத்தின் மீதுள்ள வேட்கையை அரசு நிர்வாகமே நன்கு அறிந்து வைத்திருந்தது. 2008இல் சிவபுரி மாவட்ட நிர்வாகம், குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளும் ஆண்களுக்குத் துப்பாக்கி உரிமத்தில் முன்னுரிமை தருவதாக அறிவித்தது. 2019இல் குவாலியர் மாவட்ட ஆட்சியர், உரிமம் கேட்பவர்கள் பத்து மரக்கன்றுகள் நட்டுக் காட்ட வேண்டும் என்று ஆணையிட்டார். எந்த நற்செயலைச் செய்விக்க வேண்டுமானாலும் இங்கே காட்டவேண்டிய தூண்டில்இரை துப்பாக்கி உரிமம்தான் என்பது அதிகாரிகளின் கணக்கு.

நான் தங்கியிருந்த வீட்டின் முதியவரை ஊர் வழக்கப்படி ‘பாபா’ என்றழைப்பேன். அவர் என்னை ‘மகளே’ என்பார். அவரிடம் மூன்று துப்பாக்கிகள் இருந்தன. தந்தை வாங்கிய வெளிநாட்டு இரட்டைக்குழல் ஒன்று. அங்கே அதைத் ‘துநாலி’ என்பார்கள். வயலுக்குக் காவல் செல்லும்போது கொண்டுபோகும் ரைஃபிள் ஒன்று. கான்பூரில் செய்யப்பட்ட ரிவால்வர் ஒன்று. செய்தி வந்த மாலையில் அவர் என்னிடம் கேட்டார்: “மகளே, நீ படித்தவள். மூன்று பிள்ளைகளில் ஒன்றைக் காவல் நிலையத்தில் விட்டுவிட்டு வா என்றால் எதை விடுவாய்?” பிள்ளைகளோடு ஒப்பிட்டது எனக்கு உவப்பாக இல்லை. ஆயினும் அவர் நடிக்கவில்லை என்பதும் தெரிந்தது. அந்தத் துநாலியை வருடத்தில் ஒருநாள், தசராவன்று, பூசைக்காகவே வெளியே எடுப்பார். அதிலிருந்து கடைசியாக எப்போது சுட்டார் என்பது அவருக்கே நினைவில்லை.

அடுத்த சில வாரங்களில் நான் பதிவுசெய்த எதிர்வினைகள் ஒரே மாதிரியானவை அல்ல. நிலமுடையவர்கள் மானத்தைப் பற்றிப் பேசினார்கள். ஓய்வுபெற்ற ராணுவத்தினர், உரிமம் உள்ளவனைத் தண்டித்துக் கள்ளத் துப்பாக்கிக்காரனை விட்டுவிடுகிறார்கள் என்றார்கள். ‘கட்டா’ எனப்படும் நாட்டுத் துப்பாக்கியை எவரும் காவல் நிலையத்தில் கணக்குக் காட்டப் போவதில்லை. அதற்குக் காகிதமே கிடையாது. இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளிலும், துப்பாக்கியால் நிகழும் கொலைகளில் பெரும்பகுதி உரிமமற்ற ஆயுதங்களாலேயே நிகழ்வதைக் காணலாம்.

என் ஆய்வுக்குரியவர்களான பாதுகாவலர்கள் வேறொன்றைச் சொன்னார்கள். அவர்களிடம் இருப்பது ஒரேயொரு துப்பாக்கி. நிலத்தின் ஒரு பகுதியை விற்றோ கடன்பட்டோ வாங்கியது. சொந்தத் துப்பாக்கி உள்ள காவலாளிக்கு வங்கி வாசலிலும் நகைக்கடை வாசலிலும் கூடுதல் ஊதியம் கிடைக்கும்; இல்லாதவனுக்குத் தடியும் விசிலும்தான். அவர்களைப் பொறுத்தவரை அது ஆயுதமன்று, தொழிற்கருவி. மூன்று இரண்டானதைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. உரிமக் காலம் ஐந்தாண்டானதில் மகிழ்ச்சியே. புதுப்பிப்பதற்காக விடுப்பெடுத்து ஊர் திரும்பி, அலுவலகம் அலுவலகமாக அலைவது குறையும். ‘துப்பாக்கி உரிமையாளர்கள்’ என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பவர்களுக்குள் நிலவுடைமையாளரும் மாதச் சம்பளக்காரரும் இருக்கிறார்கள். அவர்கள் ஒரே சட்டத்தை இருவேறு சட்டங்களாகப் படித்தார்கள்.

ஒப்படைப்பது என்பதே அங்கு புதிதன்று. தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் செலுத்திவிட்டு, தேர்தல் முடிந்தபின் மீட்டுக்கொள்வது அவர்களுக்குப் பழகிய சடங்கு. ‘மால்கானா’ என்னும் அந்தச் சேமிப்பறையில் துருவேறிவிடும் என்பதால் எண்ணெய் பூசித் துணியில் சுற்றிக் கொடுப்பார்கள். ஆனால் அது திரும்பி வரும் என்ற உறுதியோடு கொடுப்பது. இம்முறை திரும்பாது, இழப்பீடும் கிடையாது. விற்கலாமென்றால், எல்லோரும் ஒரே சமயத்தில் விற்க முன்வந்ததால் வணிகர் கேட்ட விலை பழைய இரும்பின் விலைக்கு அருகில் வந்துவிட்டது என்று பாபா வெறுப்புடன் சொன்னார்.

இறுதியில் அவர் கண்ட வழி, அந்த வட்டாரத்தில் பலர் கண்ட அதே வழிதான். சட்டம் ஆளைக் கணக்கிடுகிறது, வீட்டைக் கணக்கிடவில்லை. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், எழுபது வயதை எட்டியவரோ இருபத்தைந்து ஆண்டுகள் துப்பாக்கி வைத்திருந்தவரோ அதை வாரிசுக்கு மாற்றிக் கொடுக்க இடமளிக்கின்றன. மூத்த மகன் பெயரில் ஏற்கெனவே இரண்டு இருந்தன. ஆகவே துநாலிக்கு மருமகளின் பெயரில் விண்ணப்பம் போடப்பட்டது.

அந்த மருமகளோடு அடுக்களையில் கம்பு ரொட்டி தட்டியபடி நான் பேசிய மாலைகள் பல. திருமணமாகிப் பதினான்கு ஆண்டுகளில் தன் பெயருக்கென்று எந்த அரசு அலுவலகத்தின் படியும் அவர் ஏறியதில்லை. விண்ணப்பத்துக்காக நிழற்படம் எடுத்தார்கள். காவல் நிலையத்திலிருந்து வந்து விசாரித்தார்கள். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிக்கும் அனுப்பினார்கள். 2021 குளிர்காலத்தில் நான் மீண்டும் சென்றபோது உரிமப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். “நிலம் மாமனார் பெயரில், டிராக்டர் கணவர் பெயரில், மோட்டார் சைக்கிள் கொழுந்தன் பெயரில். இந்த வீட்டில் என் பெயர் எழுதப்பட்ட முதல் பொருள் இதுதான்” என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பெருமிதம் எவ்வளவு, கேலி எவ்வளவு என்று என்னால் பிரிக்க இயலவில்லை. பெட்டியின் சாவி எங்கே என்று கேட்டேன். மாமனாரின் பூணூலைக் காட்டினார், அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

புள்ளிவிவரத்தில் அவர் இப்போது ஒரு பெண் துப்பாக்கி உரிமையாளர். நாளை எவரேனும் பிண்ட் மாவட்டத்தில் பெண்களின் உரிமங்கள் கூடியிருப்பதைக் கண்டு அதைப் பெண்களின் தற்காப்பு உணர்வு என்று விளக்கி ஒரு கட்டுரை எழுதக்கூடும். அளவுமுறை ஆய்வு செய்யும் நண்பர்களிடம் என் பணிவான வேண்டுகோள்: உரிமம் யார் பெயரில் என்பதோடு சாவி யாரிடம் என்பதையும் வினாப்பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை நான் எழுதியவை யாவும் துப்பாக்கி வைத்திருப்போரின் குரல்கள். துப்பாக்கியின் எதிர்ப்புறத்தில் நிற்பவர்களையும் கேட்டால்தான் களம் முழுமையாகும். அதே கிராமத்தின் தலித் குடியிருப்பில் திருமண ஊர்வலங்களுக்கு விளக்குச் சுமக்கும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். மாப்பிள்ளை குதிரையில் வருவார். வாத்தியக் குழு முன்னே செல்லும். இருபுறமும் தலையிலும் தோளிலும் விளக்குகளை ஏந்தி இவர்கள் நடப்பார்கள். சட்டம் வருவதற்கு இரண்டாண்டு முன் அப்படியோர் ஊர்வலத்தில் மகிழ்ச்சிப் பெருக்கில் எவரோ சுட்டார். சிதறிய ரவையொன்று இவருடைய இடக்கண்ணைப் பறித்தது. வழக்கு இல்லை. பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு தொகை கொடுத்தார்கள். சுட்டது உரிமத் துப்பாக்கிதான் என்பது ஊருக்கே தெரியும். குற்ற ஆவணக் காப்பகத்தின் எந்த அட்டவணையிலும் இந்தக் கண் இல்லை. உரிமத் துப்பாக்கி எவரையும் துன்புறுத்துவதில்லை என்ற வாதத்துக்கு நான் இவரைத்தான் விடையாக வைக்கிறேன்.

புதிய சட்டம் கொண்டாட்டச் சூட்டைக் குற்றமாக்கியிருப்பதை அவரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “தீதீ, யார் போய்ப் புகார் எழுதுவது? எழுதிவிட்டு அடுத்த திருமணத்துக்கு யார் எங்களை அழைப்பார்கள்?” என்றார். சற்று நேரம் கழித்து அவரே தொடர்ந்தார்: “ஆளுக்கு மூன்றா இரண்டா என்று அவர்கள் சண்டையிடுகிறார்கள். தெருவுக்கு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அந்தத் தெருவில் நாற்பதுக்கும் மேல். எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை. அங்கே ஒன்று குறைந்தால் எங்களுக்கு என்ன?”

இதைச் சொன்னபோது அவர் 2018 ஏப்ரல் 2ஐ நினைவில் வைத்திருந்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து அன்று நடந்த நாடு தழுவிய முழு அடைப்பில் குவாலியர், பிண்ட், மொரேனா மாவட்டங்களில் உயிர்கள் பலியாயின. குவாலியரில் ஒருவர் கைத்துப்பாக்கியால் சுடும் காட்சி தொலைக்காட்சிகளில் ஓடியது. அந்த நாளுக்குப் பிறகு அந்தக் குடியிருப்பில் சிலர் உரிமத்துக்கு விண்ணப்பித்தார்கள். ஆயுதத்துக்கு அவசியமென்ன என்ற கேள்விக்கு அவர்கள் எழுதிய பதில் போதுமானதாகக் கருதப்படவில்லை என்கிறார்கள்.

1878இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம், இந்தியர்களுக்கு உரிமத்தை விதித்து ஐரோப்பியர்களுக்கு விலக்களித்தது. அந்த அவமதிப்பின் நினைவால்தான் 1931இன் கராச்சி காங்கிரஸ் தீர்மானம் ஒழுங்குமுறைக்குட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதையும் உரிமைகளின் பட்டியலில் சேர்த்தது. அரசியலமைப்பு அவையில் எச். வி. காமத் அதை அடிப்படை உரிமையாக்க முன்மொழிந்தும் ஏற்கப்படவில்லை. சட்டத்தின்முன் விலக்குப் பெறும் சமூகங்கள் இன்றும் உண்டு. குடகு இனத்தவருக்கும் அம்மாவட்டத்தின் ஜம்மா நில உடைமையாளருக்கும் உள்ள உரிம விலக்கு 2019இல் மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. 2021 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. ஆக, யாரை நம்பி ஆயுதம் கொடுக்கலாம் என்ற கேள்விக்கு அரசு என்றுமே தனிமனிதரை மட்டும் பார்த்து விடை சொன்னதில்லை. குலத்தையும் நிலத்தையும் சேர்த்தே பார்த்திருக்கிறது. எண்ணிக்கை வரம்பு மட்டும் ஆளைப் பார்க்கிறது. அதனால்தான் ஒரு கூட்டுக் குடும்பம் அதனுள் அவ்வளவு எளிதாகப் புகுந்து வெளியேற முடிகிறது.

இச்சட்டம் பயனற்றது என்பது என் முடிவன்று. கொண்டாட்டச் சூட்டுக்குப் பெயரும் தண்டனையும் கிடைத்திருப்பது பெரிது. மண்டபங்களில் ‘துப்பாக்கிக்கு அனுமதியில்லை’ என்ற பலகைகளை இப்போது பார்க்கிறேன். ஆனால் புகார் எழுதுபவருக்குப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் அந்தப் பிரிவு உறங்கவே செய்யும். காவல் நிலையமே முன்வந்து வழக்குப் பதிய வேண்டும். உரிமம் வழங்கும் அதிகாரி விண்ணப்பதாரரின் தெருவையும் எதிர்த்தெருவையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். இவை இரண்டும் இன்றைய சட்டத்துக்குள்ளேயே செய்யக்கூடியவை.

பஞ்சாபிலும் மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் குடகிலும் களப்பணி செய்யும் நண்பர்கள் இதை வாசித்தால், மூன்றாவது துப்பாக்கி அங்கே எந்த வீட்டில், யார் பெயரில் போய்ச் சேர்ந்தது என்பதை எழுதுங்கள். திருமணங்களில் விளக்குச் சுமப்பவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்கள்.