இரண்டாம் சீசன்

ஊட்டி என்றால் மே மாத மலர்க்காட்சிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அரசு தாவரவியல் பூங்காவை ஒருமுறை செப்டம்பரில் போய்ப் பாருங்கள், தோழர்களே. டேலியா, சால்வியா, செண்டுமல்லி என்று பாத்தி பாத்தியாகப் பூத்திருக்கும், கூட்டமும் குறைவு. உள்ளூரில் இதை 'இரண்டாம் சீசன்' என்பார்கள்.

போன செப்டம்பரில் சில மாணவர்களோடு போயிருந்தேன். பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டே நடந்தோம். டேலியா மெக்சிகோ மலைகளின் பூ. அதற்கு வாய்த்த பெயரோ ஆண்டர்ஸ் டால் என்ற ஸ்வீடன்காரருடையது. பூங்காவை 1848இல் அமைத்தவர் மெக்ஐவர் என்பதும் எல்லாக் கையேடுகளிலும் இருக்கிறது. தொட்டபெட்டா அடிவாரத்தில் 55 ஏக்கர் சரிவை வெட்டிச் சமன் செய்த கைகளைப் பற்றி ஒரு வரிகூட நான் படித்ததில்லை.

அந்த வேலை எனக்குக் கொஞ்சம் தெரியும். என் அத்தை மலையில் வேறொரு பூங்காவில் தினக்கூலி. செப்டம்பர் பூவுக்கான வேலை ஜூலையிலேயே தொடங்கிவிடும். தென்மேற்கு மழை கொட்டும்போது சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு நாற்று நடுவார்கள். நுனியைக் கிள்ளினால்தான் பக்கக் கிளை வெடித்துப் பூ நிறையும். சாமந்தி, இரவு நீளத் தொடங்கினால்தான் மொட்டு வைக்கும். அதற்குள் செடி தேறியிருக்க வேண்டும். வாடிய பூவை அன்றாடம் கிள்ளாவிட்டால் செடி விதை கட்டப் போய்விடும். "நாம லீவு போட்டா செடி கெழடாயிரும் கண்ணு" என்பார் அத்தை. டேலியாவை அவரைப் போல ரசித்த ஆளை நான் பார்த்ததில்லை.

அவரோடு வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் எங்கள் தெருக்காரர்கள். 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களும் உண்டு. எருக்குழியும் கழிப்பறையும் யாருக்கு, விதை அறைச் சாவி யாருக்கு என்று கேட்டுப் பாருங்கள், சாதி தெரிந்துவிடும்.

அத்தைக்கு இது பத்தொன்பதாவது வருடம். இடையிடையே சில நாட்கள் நிறுத்திவிட்டு மறுபடி எடுப்பார்கள். தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதிச் சட்டம் 24 மாதத்தில் 480 நாள் என்கிறது; அந்தக் கணக்கை உடைக்கத்தான் இந்த இடைவெளி. அரசுத் துறைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்பார்கள். மீறிக் கேட்டால் 2006இன் உமாதேவி தீர்ப்பைக் கேடயமாகப் பிடிப்பார்கள். ஆனால் 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் அந்தக் கேடயத்தை உச்ச நீதிமன்றமே தட்டிவிட்டது. மத்திய நீர் ஆணையத்தில் பல ஆண்டு துப்புரவும் தோட்ட வேலையும் செய்து, 2018இல் வெளியேற்றப்பட்டவர்களை நிரந்தரமாக்கச் சொன்னது. சட்டம் படிக்கும் தோழர்கள் அந்தத் தீர்ப்பை முழுதாகப் படியுங்கள், சுருக்கம் போதாது. நீலகிரியில் பூங்கா, பண்ணைத் தொழிலாளர்கள் 2023இல் பணி நிரந்தரம் கேட்டுப் பல நாட்கள் போராடியதையும் தேடிப் படியுங்கள்.

கூலிச் சீட்டுகளை அத்தை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருக்கிறார். தரையில் பரப்பி எண்ணினோம். கடைசி இரண்டு வருடத்தில் 506 நாள். இதுவரை ஆறு பேரின் கணக்கை முடித்திருக்கிறோம், இன்னும் பதினொரு பேர் இருக்கிறார்கள். சிலருடைய சீட்டுகள் மழையில் நனைந்து எழுத்து அழிந்துவிட்டன. அவர்களுக்கு வங்கிப் புத்தகத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் வர முடிந்தவர்கள் சொல்லுங்கள். ஸ்கேனர் இருந்தால் எடுத்து வாருங்கள்.