யான் வகுத்த பாடத்திட்டம்

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவன் அமெரிக்க தேசத்தின் சரித்திரத்தைக் கற்பிக்க முற்பட்டான் என்றால் அன்பர்கள் நகைப்பார்கள். யானும் முதலில் நகைத்தேன். ஆயினும் சென்ற ஆண்டு அக்கடமை என் தலைமேல் வந்து விழுந்தது. அதனை நிறைவேற்றிய வகையையும், கற்பித்ததினும் மிகுதியாக யான் கற்றுக்கொண்டதையும் நம் கல்லூரி இதழ் வாயிலாகக் கூற விரும்புகின்றேன்.

எங்கள் இல்லம் மணலி புதுநகரில் இருக்கின்றது. என் தமக்கையார் மணமாகி அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் வாழ்பவர். எங்கள் அன்னையார் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுக்கையிற் கிடந்தபோது, அவர் தம் மக்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு ஓராண்டு தங்குவதற்காக வந்து சேர்ந்தார். மூத்தவள் பெண், வயது 11. இளையவன் 8 வயதுச் சிறுவன். ஓராண்டுக்கென ஒரு பள்ளியிற் சேர்த்து மீண்டும் எடுப்பதினும் வீட்டிலேயே கற்பித்தல் நலம் என்று அத்தானும் அக்காளும் முடிவு செய்தனர். கணக்கையும் விஞ்ஞானத்தையும் அக்காள் ஏற்றுக்கொண்டார்.

"சரித்திரம் உன் பங்கு, தம்பி. திரும்பிப் போனால் அங்கே அதைத்தான் முதலிற் கேட்பார்கள்," என்றார்.

"அக்கா, நான் படிப்பது தமிழ்," என்றேன்.

"கதை சொல்லத் தெரியுமல்லவா? அது போதும்," என்று கூறிவிட்டு அன்னையாருக்குக் கஞ்சி எடுத்துச் சென்றார்.

அவர் விளையாட்டாய்க் கூறிய சொல்லிலே ஒரு முறை அடங்கியிருந்தது. 1842 முதல் 1923 வரை வாழ்ந்த சார்லட் மேசன் என்னும் ஆங்கிலப் பெண்மணியார், உயிரற்ற பாடச் சுருக்கங்களை விடுத்து, பொருளில் தோய்ந்த ஆசிரியர் எழுதிய நல்ல நூல்களைக் குழந்தைகளுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்றும், கேட்டதைக் குழந்தை தன் சொற்களாலேயே திருப்பிச் சொல்ல வேண்டும் என்றும் போதித்தார். வீட்டிலே கல்வி புகட்டும் அமெரிக்கப் பெற்றோர் பலர் இன்றும் அவர் வழியைப் பின்பற்றுகின்றனர். எனவே யானும் ஓர் ஏட்டை எடுத்து, பத்து மாதங்களுக்குப் பன்னிரண்டு நூல்களைக் குறித்தேன். மாலை ஜெபத்திற்குப்பின் அரைமணி நேரம் யான் படிப்பது. மறுநாட் காலையில் பிள்ளைகள் அதனைத் தமிழிலே திருப்பிச் சொல்லுவது. இதுவே என் திட்டம்.

முதல் நூல் எஸ்தர் ஃபோர்ப்ஸ் என்னும் அம்மையார் 1943-இல் வெளியிட்ட 'ஜானி ட்ரெமெயின்'. பாஸ்டன் நகரத்து வெள்ளித் தட்டான் ஒருவரிடம் தொழில் பழகும் சிறுவனின் கதை அது. 1773 டிசம்பர் 16-ஆம் நாள் இரவு, 342 தேயிலைப் பெட்டிகளைப் பாஸ்டன் மக்கள் கடலிற் கொட்டிய நிகழ்ச்சி அதிலே வருகின்றது. அத்தேயிலை சீனத்தில் விளைந்தது. விற்க அனுப்பியதோ கிழக்கிந்தியக் கம்பெனி. "அக்கம்பெனியின் கோட்டை நம் ஊரிலே இருக்கிறது, பார்க்க வருகிறீர்களா?" என்றேன். மறுவாரமே பாரிமுனைக்குப் பஸ் ஏறினோம். 1640-இல் எழத் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டையையும், அதனுள் 1680-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புனித மரியாள் ஆலயத்தையும் கண்டோம். அவ்வாண்டே அவ்வாலயத்தில் மணம் புரிந்த எலிஹு யேல் என்பவர் பின்னர் 1687 முதல் 1692 வரை சென்னையின் கவர்னராயிருந்தார். 1718-இல் அவர் ஒன்பது பொதிச் சரக்குகளையும், 417 புத்தகங்களையும், அரசர் படம் ஒன்றையும் நன்கொடையாக அனுப்பினார். அதனாலேயே அமெரிக்காவின் புகழ்பெற்ற ஒரு கல்லூரிக்கு அவர் பெயர் வழங்கலாயிற்று.

இவ்வாறே வேறு பல இழைகளும் என் கைக்கு அகப்பட்டன. மாசசூசெட்ஸ் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி, கப்பலேறி வந்து, 1842-இல் மெரினா கடற்கரையிற் கட்டிய ஐஸ் ஹவுஸில் சேமித்து வைக்கப்பட்டது. அவ்வாணிகத்திற்காக வால்டன் குளத்திற் பனி வெட்டுவதைக் கண்ட தோரோ, சென்னையின் பெயரைத் தம் நூலிலேயே குறித்துள்ளார். எங்கள் வீட்டு மாடியிலிருந்து இரவிலே தெரியும் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையுங்கூட, 1965-இல் நம் அரசாங்கமும், ஈரான் தேசிய எண்ணெய்க் கம்பெனியும், அமெரிக்காவின் அமோகோ கம்பெனியும் கூடித் தொடங்கியதேயாகும். பிள்ளைகளின் கண்கள் விரிந்தன. யானும் என் திறமையை எண்ணி உள்ளூர மகிழ்ந்தேன்.

ஆனால் இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். என் ஏட்டிற் குறித்த பன்னிரண்டு நூல்களுள் துயரமான நூல் ஒன்றேனும் இல்லை. அடிமை வாணிகத்தையும், பழங்குடிகள் தம் நிலத்தை இழந்த வரலாற்றையும் அவர்கள் வளர்ந்தபின் அறிந்துகொள்ளட்டும் என்று ஒதுக்கிவிட்டேன். யேல் அங்கம் வகித்த கவுன்சிலின் ஆட்சியில் இக்கோட்டைத் துறையிலிருந்தே அடிமைகள் கப்பலேற்றப்பட்டனர் என்பதை அறிந்திருந்தும், ஆலயத்தின் அழகைக் காட்டி அதை மறைத்துவிட்டேன். குழந்தைகளின் மனம் நோகலாகாது என்பது யான் கூறிக்கொண்ட காரணம். அவர்கள் கேள்வி கேட்டால் விடை கூற அஞ்சினேன் என்பதே மெய்.

மூன்றாம் மாதம் லாரா இங்கல்ஸ் ஒயில்டர் 1935-இல் வெளியிட்ட, புல்வெளியின்மீது அமைந்த சிறு வீட்டைப் பற்றிய நூலைத் தொடங்கினோம். தந்தை மரம் வெட்டுவதும், வீடு எழும்புவதும், ஓநாய்கள் சூழ்வதும் பிள்ளைகளைப் பெரிதும் கவர்ந்தன. ஒருநாள் சிறுவன் இடைமறித்து, "மாமா, இந்தியர் வருகிறார்கள் என்று படித்தீர்களே, நாமா?" என்று கேட்டான். 1492-இல் கொலம்பஸ் திசை தவறிய கதையைச் சொல்லி அவனைத் தேற்றினேன். அவன் தமக்கை அவ்வளவில் அமையவில்லை. "அந்த நிலத்தில் முன்பே அவர்கள் இருந்தார்கள் என்றால், இவர்கள் ஏன் அங்கே வீடு கட்டினார்கள்? யாரைக் கேட்டார்கள்?" என்றாள். யான் வாயடைத்து நின்றேன்.

அன்றிரவு அந்நூலின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அது நிகழும் இடம் கான்சஸில் ஓசேஜ் மக்களுக்கு உரிய நிலம். முதற் பதிப்பில், அவ்விடத்தே மக்கள் எவருமில்லை, இந்தியர் மாத்திரமே இருந்தனர் என்னும் கருத்துப்பட ஓரிடம் இருந்ததாம். 1952-இல் ஒரு வாசகர் அதைச் சுட்டிப் பதிப்பகத்தாருக்கு எழுத, 1953-ஆம் ஆண்டுப் பதிப்பில் 'மக்கள்' என்ற சொல்லை நீக்கி 'குடியேறியோர்' என்ற சொல்லை வைத்தனர். 2018-இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழந்தைகள் பிரிவினர், அவ்வாசிரியையின் பெயரால் வழங்கிய விருதின் பெயரையும் மாற்றினர். சொல்லாராய்ச்சியே தொழிலாகக் கொண்ட எனக்கு, ஒரு சொல் மாறுவதற்குப் பதினெட்டு ஆண்டுகள் சென்றன என்பது உறுத்திற்று.

இதன்பின் நடந்ததே என் உள்ளத்தை முற்றிலும் அசைத்தது. எங்கள் தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கு முன் நெல்லைச் சீமையிலிருந்து ஆலை வேலைக்கு வந்து, இங்கே மனை வாங்கிக் குடியேறியவர். ஒருநாட் காலையில் திண்ணையில் அமர்ந்து பேரப் பிள்ளைகளிடம், "நாங்கள் வந்தபோது இங்கே ஒன்றுமே கிடையாது. மனுஷரே இல்லை," என்று பெருமையாகக் கூறிக்கொண்டிருந்தார். அதை யான் சிறுவயது முதல் நூறு முறை கேட்டிருக்கின்றேன். அப்போது இடையஞ்சாவடியிலிருந்து கீரை கொண்டுவரும் மூதாட்டி கூடையை இறக்கிவைத்து, "ஏன் ஐயா, அப்ப நாங்க எல்லாம் யாராம்?" என்று சிரித்தார்.

தந்தையார் சிரித்தார், என்னாற் சிரிக்க முடியவில்லை. என் மருமகள் என் முகத்தைப் பார்த்தாள். அவள் நினைத்ததும் யான் நினைத்ததும் ஒன்றே.

அம்மூதாட்டியாரை உட்கார வைத்து மோர் கொடுத்தோம். மாடு மேய்ந்த மேட்டையும், மழைநீர் ஓடிய பள்ளத்தையும் கைநீட்டிக் காட்டினார். எங்கள் தெருவே அப்பள்ளத்தின் ஓரத்தில் இருக்கின்றதாம். 2015-இலும் 2021-இலும் கொசத்தலையாறு பெருகி இவ்வூரிற் புகுந்தபோது, எங்கள் வீட்டிற்குள் முழங்கால் அளவு நீர் நின்றது. ஆற்றின்மேற் பழி சொன்னோமேயன்றி, அது வந்த வழியை அறிந்தவர்களை ஒரு நாளும் கேட்டதில்லை. நாள்தோறும் அவ்வூர்ப் பெயரை உச்சரிக்கும் யான், இடையரும் சாவடியும் அதிலே ஒலிக்கின்றனவே என்று ஒரு முறையேனும் எண்ணினேனில்லை. மிஸ்ஸிஸிப்பி என்னும் பெயர் 'பேராறு' என்று பொருள்படும் ஒஜிப்வே மொழிச் சொல்லிலிருந்து வந்தது என்பதை மாத்திரம் அறிந்து வைத்திருந்தேன்!

அன்று என் ஏட்டைத் திறந்து பாடத்திட்டத்தைத் திருத்தினேன். ஒரு நூலுக்கு எதிரே, அதே காலத்தை மறுபுறம் நின்று கண்ட நூல் ஒன்று இருத்தல் வேண்டும் என்று விதித்துக்கொண்டேன். சிறு வீட்டிற்கு எதிரே, லூயிஸ் எர்ட்ரிக் 1999-இல் வெளியிட்ட, பூர்ச்சமரப் பட்டை வீட்டில் வாழும் ஒஜிப்வே சிறுமியின் கதையை வைத்தேன். அதிலே பெரியம்மை வந்து உயிர்களைக் கொள்ளைகொள்ளும் பகுதியைப் படிக்கும்போது சிறுவன் என் மடியில் ஏறி அமர்ந்தான்; ஆயினும் "நிறுத்துங்கள்" என்று சொல்லவில்லை.

அடுத்து, பிரெடரிக் டக்ளஸ் 1845-இல் எழுதிய தம் வாழ்க்கை வரலாறு. அடிமைச் சிறுவனான அவருக்கு எசமானி எழுத்துக் கற்பிக்கத் தொடங்கினாள், கணவன் தடுத்தான். பின்னர் அவர் தெருவிலே ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்து, அவர்களிடம் பாடம் பெற்றார். "எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்று அழுதேனே," என்று என் மருமகள் மெல்லச் சொன்னாள். பிறகு அவர்களை மறுபடியும் கோட்டைக்கு அழைத்துச் சென்று, முன்பு மறைத்ததைச் சொன்னேன். "முன்னமே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார்கள். "எனக்குப் பயமாக இருந்தது," என்றேன். அவ்விடையை அவர்கள் எளிதில் ஏற்றுக்கொண்டனர். குழந்தைகளின் மனத்தைப் பற்றி யான் கொண்டிருந்த கருத்து எவ்வளவு பிழையானது என்பது அப்போது விளங்கிற்று.

குறித்த பன்னிரண்டு நூல்களுள் எட்டே முடிந்தன. அன்னையார் கோலூன்றி நடக்கத் தொடங்கினார். அக்காளும் பிள்ளைகளும் கப்பலன்றி ஆகாய விமானம் ஏறி அமெரிக்கா திரும்பினர். என் மருமகள் திருப்பிச் சொன்ன பாடங்களை எழுதிவைத்த நோட்டுப் புத்தகத்தை எனக்கே விட்டுச் சென்றாள். அதன் கடைசிப் பக்கத்திலே, எழுத்துப் பிழைகள் மலிந்த தமிழில், கீரைப் பாட்டி காட்டிய மேடும் பள்ளமும் எங்கள் தெருவும் வரைந்த படம் ஒன்று இருக்கின்றது. அமெரிக்கச் சரித்திரப் புத்தகத்தில் அது எப்படி வந்தது என்று எவரேனும் கேட்டால், அதுவும் அப்பாடமே என்பேன்.

சென்ற வாரம் உறவினர் ஒருவர் வந்திருந்தார். தந்தையார் வழக்கம்போலத் தம் பழங்கதையைத் தொடங்கினார். "நாங்கள் வந்தபோது இங்கே..." என்றவர் சற்றே நிறுத்தி, உள்ளேயிருந்த என்னை ஒரு முறை நோக்கிவிட்டு, "வீடுகள் குறைவு, ஊர் இருந்தது," என்று முடித்தார்.