ஸ்லோ நிக்காத இன்ஜின்

அன்னங்கோயில் மச்சானோட படகு இன்ஜின் வெள்ளாத்துல முழு வேகத்துல பிச்சுக்கிட்டுப் போகும். முகத்துவாரத்துல வேகத்தைக் குறைச்சா பொசுக்குன்னு நின்னுடும். அங்க நின்னா அலை படகைக் குறுக்கே திருப்பிடும், பரங்கிப்பேட்டைக்காரங்களுக்கு இதை விளக்க வேணாம்.

"பம்பு போச்சு, பிளக்கை மாத்து"ன்னு ஆளாளுக்கு வைத்தியம். பம்பு போயிருந்தா முழு வேகத்துல எப்படிங்க ஓடும்? வேகத்துக்கு மெயின் ஜெட், நின்ன இடத்துல ஓட ஸ்லோ ஜெட். அந்தத் துளை ஊசிமுனை அளவுதான், முதல்ல அடைக்கிறது அதுதான்.

கார்பரேட்டரைக் கழட்டி புவனகிரியில நம்ம பைக் மெக்கானிக்கிட்ட கொண்டு வந்தோம். கிண்ணத்து அடியில பழைய பெட்ரோல் பிசினா காஞ்சு கிடந்தது, கூடவே தண்ணி முத்து. இப்போ பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். அது காத்து ஈரத்தை இழுக்கும். கடலோரத்துல கேக்கணுமா!

கம்பி விட்டுக் குத்தினா பித்தளைத் துளை பெருசாயிடும். மச்சான் பையிலேருந்து தங்கூசி நரம்பு எடுத்தார். அதை விட்டு, காத்தடிச்சு, ஏர் ஸ்க்ரூவை லேசா மூடி ஒன்றரை சுத்து திறந்தோம் (மாடலுக்கு மாடல் மாறும், கழட்டும்போதே எண்ணி வெச்சுக்கணும்). ஸ்லோ அழகா நிக்குது.

மண்ணெண்ணெயில ஓட்டுறவங்க கரைக்கு வர்றதுக்கு முன்னாடி பெட்ரோலுக்கு மாத்தி, கொஞ்சம் ஓடவிட்டு அணைங்க. கிண்ணத்துல மண்ணெண்ணெய் தங்கினா மறுநாள் கயிறு இழுத்தே கை போயிடும்.